வரிசையின் கடைசியில்

எபிக்கு,

என் பெயர் ஞா. அருள்தாசன். வயது ஐம்பது. நாகமலை புதுக்கோட்டையில் வசிக்கிறேன். சிறுவர்களுக்காக இயற்கை நூல்கள் எழுதுகிறேன். அழைக்கும் பள்ளிகளுக்குச் சென்று, பிள்ளைகளை அருகிலுள்ள காட்டுப் பாதைகளில் அழைத்துச்சென்று, அங்கே காண்பதையும் கேட்பதையும் விளக்குகிறேன். பெற்ற மகனுக்கு எழுதும் கடிதத்தில் தகப்பன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது முறையன்று என்று நீ சிரிக்கலாம். காரணம் இருக்கிறது. இக்கடிதத்தின் ஒரு படியை நம் உணவு மேசைமீது வைக்கிறேன். மற்றொன்றைப் பதிப்பாளருக்கு அனுப்புகிறேன். அச்சுக்குச் சென்றிருக்கும் என் நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இதை வெளியிடச் சொல்லியிருக்கிறேன். ஆகவே உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். பிள்ளைகளின் முன்னால் செய்த பிழையை வீட்டுக்குள் மட்டும் திருத்திக்கொள்வது திருத்தம் ஆகாது. நோக்கம் ஒன்றே: அசாமில் உள்ள அந்த வன ஆய்வு நிலையம், பறவைக் குரல்களைப் பதிவுசெய்யும் பணிக்கு உன்னை அழைத்திருக்கிறது. நாளை மாலைக்குள் நீ பதில் எழுத வேண்டும். மறுத்து எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு நண்பனின் திருமணத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறாய். நீ மறுக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதை நான் முறைப்படி சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை நீ இல்லாமல் எழுமலைப் பக்கம் போனேன். நீ இல்லாமல் நான் பள்ளிக்குப் போனது நெடுநாளைக்குப் பிறகு அதுவே முதல் முறை என்பது பேருந்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஊருக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பள்ளி; பின்பக்கச் சுவரை ஒட்டி ஓடை, ஓடைக்கரையோடு மலையடிவாரம் வரை ஒற்றையடிப் பாதை. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஆவாரை பூத்துக் கிடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். வழக்கம்போல் நடைக்கு முன் விதிகளைச் சொன்னேன். அவை உனக்கு மனப்பாடம். முதல் விதி: கேட்காததைக் கேட்டேன் என்றோ காணாததைக் கண்டேன் என்றோ சொல்லக் கூடாது. விதியை மீறுகிறவர் வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். தலைமையாசிரியை என் முந்தைய நூலின் முன்னுரையிலிருந்து ஒரு வரியை வாசித்தார்: "இந்நூலில் உள்ள எதுவும் நான் என் கண்ணால் காணாததோ என் காதால் கேட்காததோ அன்று." கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு நன்றாகவே கேட்டது.

பாதையின் பாதியில் ஒரு பெரிய உசிலை மரம் நிற்கிறது. அதன் கீழே போனதும் தர்ஷினி என்ற சிறுமி கையைத் தூக்கினாள். "சார், மரத்துக்குள்ள என்னமோ ச்சீ ச்சீங்குது சார்." கையமர்த்தி எல்லோரையும் நிறுத்தினேன். கேட்டேன். ஓடைத் தண்ணீர் கேட்டது. தொலைவில் ஒரு மயில் கேட்டது. மரத்தில் ஒன்றுமில்லை. "அங்கே ஒன்றும் இல்லை அம்மா" என்றேன்.

"இல்ல சார், கேக்குது சார். நெறையாக் கேக்குது."

"நான் சொன்ன முதல் விதி என்ன?"

"கேக்காததக் கேட்டேன்னு சொல்லக் கூடாது சார்."

"பிறகு ஏன் சொல்கிறாய்?"

அவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மரத்தைப் பார்த்தாள். பொய் சொன்ன பிள்ளையின் முகம் அப்படி இருக்காது என்பது பல ஆண்டுகள் வகுப்பில் நின்ற எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை நீட்டி வரிசையின் கடைசியைக் காட்டினேன். அவள் போனாள். எல்லோரையும் கடந்து, ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல், கடைசிக்குப் போய் நின்றாள். அவள் போய் நின்ற அந்தக் கணத்தில்தான் மரம் கலைந்தது. வெள்ளைக்கண்ணிகள். ஒரு பெருங்கூட்டம் இலைகளுக்குள்ளிருந்து கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கும் உயரத்தில் கடந்து போயிற்று. மஞ்சள் பச்சை உடல், கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம், எல்லாவற்றையும் பார்த்தேன். அவற்றின் அலகுகள் திறந்து திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை, எபி. பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, சத்தம் போன திசையிலேயே தலையைத் திருப்பினார்கள். நான் ஒருவன் மட்டும் ஒலியை அணைத்துவிட்ட தொலைக்காட்சியைப் பார்ப்பவனைப் போல நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு பையன் அடுத்தவனிடம் சொன்னான்: "சாருக்குக் காது அவுட்டுடா மாப்ள." அது கேட்டது. தாழ்ந்த சுருதிக் குரல்தானே. துணைக்கு வந்த இளம் ஆசிரியை அவனை அதட்டிவிட்டு என் அருகில் வந்து, "சார், எனக்கும் கேட்டுச்சு சார்" என்றார், மிகவும் மெதுவாக, தவறு தன்னுடையது போல. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. அந்தச் சிறுமியை முன்னால் அழைத்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. "நேரமாகிறது, நடப்போம்" என்றேன். மலையடிவாரம் வரை போய்த் திரும்பினோம். தர்ஷினி திரும்பும்வரை கடைசியிலேயே நடந்து வந்தாள். யாரும் அவளை முன்னால் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு வியப்படையவில்லை என்பதுதான் என்னை முதலில் உலுக்கியது. "உனக்கு முன்பே தெரியுமா?" என்றேன்.

"பிரிட்ஜு கதவு சரியா மூடலைன்னா பீப் பீப்புன்னு கத்துது. நீங்க அதுக்குப் பக்கத்துலயே நின்னு காப்பி குடிக்கிறீங்க. தெரியாமயா இருக்கும்?"

"ஏன் சொல்லவில்லை?"

"எபிதான் சொல்லக் கூடாதுன்னுட்டான். 'அப்பா ஒரு விதி வச்சிருக்காரும்மா. கேக்காதத எழுத மாட்டேன்னு புத்தகத்துலயே போட்ருக்காரு. காது போச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளே பேனாவ மூடி வச்சிட்டு உக்காந்துருவாரு. நான் கூடவே போய்க்கிறேன்'னான். போனான்ல?"

"அசாம் வேலை?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த ஊருத் தண்ணி ஒத்துக்காதுன்னு அவன் சொன்னத நீங்க நம்புனீங்களா? கல்லூரியில படிக்கையில கண்ட கண்ட ஓடைத் தண்ணியக் குடிச்சு வளந்தவன். எம்புட்டுப் படிச்சு என்ன பிரயோசனம் உங்களுக்கு!"

பிறகுதான் நான் உன்னோடு நடந்த நடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தேன். அழகர்மலை அடிவாரத்தில், திருப்பரங்குன்றத்துக்குப் பின்புறப் பாறைச்சரிவில், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இதே நாகமலைப் புதர்க்காட்டில், எங்கு போனாலும் நீ ஒரு கேள்வி கேட்பாய். "அப்பா, அந்த வேலமரத்துல, வலது பக்கம், ரெண்டாவது கிளையில என்னமோ டிச் டிச்சுங்குதே, என்னப்பா அது?" நான் அந்தப் பக்கம் பார்ப்பேன், பறவை கண்ணில் படும், பெயரைச் சொல்வேன். சொல்லிவிட்டு உன்னைக் கடிந்துகொள்வேன். "என் மகனைப் பாருங்கள். விலங்கியல் முதுகலை. தேன்சிட்டின் குரலை இன்னும் தகப்பனிடம் கேட்கிறான்." பிள்ளைகள் சிரிப்பார்கள். "அண்ணே, அது தேன்சிட்டுண்ணே!" என்று கூவுவார்கள். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியாடா மாப்ள? எனக்கு எல்லாமே குருவிதான்டா" என்பாய். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். கேள்விக்குள்ளேயே திசையும், கிளையும், குரலும் இருந்தன. விடை முழுவதையும் என் கையில் கொடுத்துவிட்டு, அறியாதவன் என்ற பெயரை நீ எடுத்துக்கொண்டாய். ஒரு பள்ளியில் அல்ல. போன பள்ளிகள் எல்லாவற்றிலும்.

இதை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். உனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, காலையில் வாசலில் பல் துலக்கியபடியே, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, வெள்ளக்கண்ணி வருது" என்பாய். நான் நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் இராது. நீ வாயைக் கொப்பளித்து முடிக்கும்போது அவை முருங்கைமரத்துக்கு வந்து சேரும். உனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து குரல்களை மறந்துவிட்டான் என்று நான் எப்படி நம்பினேன்? நம்புவதற்கு ஒரு காரணத்தையும் தேடிக்கொண்டேன். எந்நேரமும் நீ காதில் செருகியிருக்கும் இயர்போன் உன் செவியைக் கெடுத்துவிட்டது என்று உன் அம்மாவிடம் பலமுறை சொன்னேன். அவள் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது என்ன என்பது இப்போது புரிகிறது.

அச்சுக்குப் போன நூலில் 'மௌனமான அடிவாரம்' என்ற அத்தியாயம் நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் எப்படி இருக்கும், தட்டச்சு செய்தவனே நீதான். மாலையில் மாடியில் உட்கார்ந்தால் நாகமலைப் பக்கமிருந்து வரும் சில்வண்டுகளின் ஒலி நின்றுபோய்விட்டது, புதர்கள் ஊமையாகிவிட்டன, மனிதன் செய்த அழிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று எழுதியிருந்தேன். எழுதும்போது கண் கலங்கினேன். நீ அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு, "அப்பா, இன்னொரு மழைக்காலம் பாத்துட்டு இத எழுதுவோமே" என்றாய். நான் சினந்தேன். "பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை" என்றேன். நீ அடுத்த பக்கத்துக்குப் போனாய். அன்று மாடியில் நாம் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். சில்வண்டுகளின் அழிவுக்காக நான் வருந்திக்கொண்டிருந்தேன். அவை கத்துவதைக் கேட்டபடி நீ உட்கார்ந்திருந்தாய். அந்த மாலையில் உன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் என்னால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை சுற்றி வந்தேன். அசாமிலிருந்து அழைப்பு வந்த அன்று நீ உணவு மேசையில், "நான் போகலைன்னு முடிவு பண்ணிட்டேம்ப்பா" என்றாய். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று நீ சொன்ன காரணத்தை நான் ஆராயவில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "நல்ல முடிவு. தேன்சிட்டின் குரல் தெரியாத நீ அங்கே போய் எதைப் பதிவுசெய்வாய்?" நீ சிரித்தாய். "அதான்ப்பா" என்றாய். எனக்காக ஒரு வாழ்க்கையை விட்டுக்கொடுத்தவனைப் பார்த்து, அந்த வாழ்க்கைக்கு உனக்குத் தகுதியில்லை என்று சொன்னேன். நீ எழுந்து, என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாய்.

நேற்று காது மருத்துவரிடம் சென்றேன். கண்ணாடி வைத்த சிறு அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் தாழ்ந்த சுருதி ஒலிகள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கருவியில் ஏதோ கோளாறு, சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பொறுமையாகக் காத்திருந்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, "முடிஞ்சிருச்சு சார், வாங்க" என்றார். நான் காத்திருந்த நேரம் முழுவதும் அது ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. மருத்துவர் நல்லவர். "பேச்சுக்குக் கொறை இல்ல சார். கீச்சுன்னு வர்ற மெல்லிசான சத்தந்தான் போயிருச்சு. மிஷின் வச்சா ஓரளவு வரும். பழையபடி வருமான்னா, நான் பொய் சொல்லக் கூடாது" என்றார். அவரிடமும் என் முதல் விதி இருக்கிறது.

நாள் குறிக்காமல் ஒரு முட்டையின் நிறத்தைக்கூட எழுதாதவன் நான். எந்தக் காலையில் வெள்ளைக்கண்ணியின் குரலைக் கடைசியாகக் கேட்டேன் என்பதை நான் குறித்துவைக்கவில்லை. குறித்திருக்க முடியாது, அது கடைசி என்று எனக்கு யார் சொன்னார்கள்? இழந்ததன் துயரத்தைவிட, இழந்த நாளை அறியாமல் பல் துலக்கி, காப்பி குடித்து, பேருந்து ஏறிப் போயிருக்கிறேன் என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. உனக்குத் தெரிந்திருக்கும். முருங்கைமரத்தில் அவை வந்து கத்திய ஏதோ ஒரு காலையில் நான் தலையைத் தூக்கவில்லை. நீ என்னைப் பார்த்திருப்பாய். அந்த நாளை நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் தகப்பன் என்பதால் இரண்டொன்று சொல்கிறேன். நீ போகும் இடத்திலும் உனக்கு மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக் கேட்காதது உனக்குக் கேட்டால், கேட்கிறது என்று சொல்லிவிடு. கேள்வியாக்கிக் கொடுக்காதே. அன்பினால் ஒருவரைக் காப்பாற்றப்போய், உன்னைச் சிறியவனாக்கிக்கொண்டாய். நான் என் பங்குக்கு இன்னும் சிறியவனாக்கினேன். நீ அன்றே சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்பது உண்மை. ஆனால் உடைந்தவன் வீட்டிலேயே இருந்திருப்பான். உசிலை மரத்தடியில் ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்கியிருக்க மாட்டான். உன்மீது பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் நான் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்பதை அறிவேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று பேசும் ஒரு மனிதனிடம் யார்தான் சொல்வார்கள்?

நீ போய்விட்டால் என் எழுத்து என்னவாகும் என்று கவலைப்படாதே. என் விதி அப்படியே இருக்கும். குரல்களைப் பற்றி இனி எழுத மாட்டேன். கண்ணால் காண்பது மிச்சமிருக்கிறது. அது போகும்வரை அதை எழுதுவேன். நீக்கச் சொன்ன அத்தியாயத்தின் இடத்தில், இக்கடிதத்துக்கு மேலே இரண்டு வாக்கியங்கள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: "நாகமலை அடிவாரத்தில் சில்வண்டுகள் இருக்கின்றன. கேட்காதவன் நான்." என் நூல்களில் இதுவரை எழுதிய எதையும்விட இந்த இரண்டு வாக்கியங்களை எழுதுவதற்குத்தான் நேரம் பிடித்தது.

நீ காலை ரயிலில் வந்து இதைப் படிக்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். நான் எதிரில் இருந்தால் என் முகத்தைப் பார்த்து நீ மறுபடி மறுத்துவிடுவாய். ஆகவே தனியாகப் படி. அம்மா கொடுக்கும் காப்பியைக் குடி. அசாமுக்கு 'வருகிறேன்' என்று எழுது. உனக்குத் தகுதியில்லை என்று நான் சொன்ன சொல்லை, சொன்ன அதே மேசையில் வைத்துத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் ஆகச் சிறந்த செவி உன்னுடையது. அதை நான் என் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டதே போதும்.

நான் முதல் பேருந்தில் எழுமலைக்குப் போகிறேன். தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அதே ஆறாம் வகுப்பு, அதே பாதை. உசிலை மரத்தடியில் நிறுத்தி, தர்ஷினி சொன்னது உண்மை, எனக்குத்தான் காது கேட்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். பிறகு அவள் வரிசைக்கு முன்னால் நடப்பாள். விதியை மீறுகிறவர் எங்கே போக வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் அங்கே போய் நின்றுகொள்வேன்.

அப்பா